ஆதன வரியும் ஆட்சேபிக்கும் உரிமையும்

அரசு என ஒன்று தோன்றிய காலந்தொட்டு வரியும் உண்டு. வரி என ஒன்று தோன்றிய காலந்தொட்டு, “இஃது என் தகுதிக்கு மிகுதி” என்று முறையிடும் குரலும் உண்டு. வரி விதித்த மன்னரைப் பற்றியும், அவ்வரியைக் கொண்டு அவர் எடுப்பித்த கோட்டை கொத்தளங்களைப் பற்றியும் வரலாற்று நூல்கள் விரிவாகக் கூறுகின்றன. முறையிட்ட குடிமகனைப் பற்றியோ அவை பெரும்பாலும் மௌனஞ் சாதிக்கின்றன. ஆயினும், ஓர் ஆட்சி நல்லாட்சியா அன்றா என்பதை அளப்பதற்கு அந்தக் குரல் எங்கே சென்று சேர்ந்தது, அதனைக் கேட்டவர் யார் என்னும் வினாக்களே சிறந்த அளவுகோல்களாகும். வீடு, வளவு, கடை ஆகியவற்றின்மீது விதிக்கப்படும் ஆதன வரியை எடுத்துக்கொண்டு, அவ்வினாக்களுக்கு வரலாறு தரும் விடையை இன்று சிறிது ஆராய்வோம்.

ஆதன வரி என்றவுடன் நேயர்களிற் சிலருக்கு அது புதுச்சொல்லாகத் தோன்றக்கூடும். நம் ஊர்களிலே மக்கள் நாவில் வழங்கும் பெயர் சோலைவரி. அலுவலகக் கடிதங்களிலே அது மதிப்பீட்டு வரி என்றும், ஆதன வரி என்றும் காணப்படும். பெயர் எதுவாயினும் பொருள் ஒன்றே. மாநகர சபையோ நகர சபையோ பிரதேச சபையோ தன் எல்லைக்குட்பட்ட கட்டடங்களுக்கும் நிலங்களுக்கும் ஒரு பெறுமதியைக் குறித்து, அப்பெறுமதியில் நூற்றுக்கு இத்தனை என்று அறவிடும் வரி அது. தெருவிளக்கு, வடிகால், குப்பை அகற்றல், சந்தை, வாசிகசாலை எனப் பல பணிகள் அப்பணத்தைக் கொண்டு நடைபெறுகின்றன.

ஏனைய வரிகளுக்கும் இதற்கும் அடிப்படையான வேறுபாடு ஒன்றுண்டு. சுங்க வரி துறைமுகத்திலே பொருளை நிறுத்தும் எண்ணியும் அறவிடப்படுவது. வருமான வரி ஒருவர் கையிலே வந்து சேர்ந்த பணத்தின்மீது விதிக்கப்படுவது. ஆனால், ஒருவர் தாம் கட்டிய வீட்டிலே தாமே குடியிருக்கின்றார் என்று வைத்துக்கொள்வோம். அவ்வீடு விற்கப்படவுமில்லை, வாடகைக்கு விடப்படவுமில்லை. அதன் பெறுமதி என்ன? ஒருவர் வந்து பார்த்து, “இவ்வளவு பெறும்” என்று கருத்துரைத்தாலன்றி அதற்கு ஓர் எண் கிடையாது. ஆகவே, ஆதன வரி அதன் இயல்பிலேயே ஒரு மனிதரின் அபிப்பிராயத்தின்மீது நிற்கும் வரியாகும். அபிப்பிராயத்தின்மீது நிற்கும் எதிலும், மாற்றபிப்பிராயத்தைக் கேட்பதற்கு ஓர் இடம் இருத்தல் வேண்டும். அவ்விடம் இல்லையேல் மதிப்பீடு என்பது வெறுங் கட்டளையாகிவிடும். இந்த எளிய உண்மையை உலகம் கற்றுக்கொள்ளப் பல நூற்றாண்டுகள் சென்றன.

கி.பி. 1086ஆம் ஆண்டிலே இங்கிலாந்தை வென்று ஆண்ட வில்லியம் மன்னன், தன் நாட்டின் பெரும் பகுதியையும் ஊர் ஊராக ஆராய்ந்து பதிவு செய்வித்தான். யாருக்கு எவ்வளவு நிலம், எத்தனை ஏர், எத்தனை ஆலை, மொத்தப் பெறுமதி என்ன என்று அந்தந்த ஊர் மக்களைச் சத்தியஞ் செய்வித்துக் கேட்டு எழுதினார்கள். அந்தப் பேரேட்டை மக்கள் ‘டூம்ஸ்டே’ என்று அழைத்தனர். இறுதித் தீர்ப்பு நாள் என்பது அதன் பொருள். ஏறக்குறைய நூறாண்டுகளுக்குப்பின் அரச கருவூலத்தின் நடைமுறைகளை விளக்கி நூல் எழுதிய ரிச்சர்ட் ஃபிட்ஸ்நைஜல் என்பவர், இப்பெயர் வந்த காரணத்தையும் கூறுகின்றார். இறுதி நாளிலே இறைவன் வழங்கும் தீர்ப்பை எவ்வாறு மறுத்துரைக்க இயலாதோ, அவ்வாறே இவ்வேட்டில் எழுதப்பட்டதையும் மறுத்துரைக்க இயலாது என்பதே அக்காரணமாம். மேன்முறையீடு அற்ற மதிப்பீடு என்பதை இதனினும் தெளிவாக விளக்க முடியுமோ என்பது ஐயமே.

இதே 1086ஆம் ஆண்டிலேதான் கடலுக்கு இப்பாலும், சோழப் பேரரசிலே முதலாம் குலோத்துங்கன் காலத்து நில அளவை நிகழ்ந்தது என்று வரலாற்றறிஞர் குறிப்பிடுவர். அவனுக்கு முன்னரே முதலாம் இராசராசன் காலத்தில் நிலம் நுட்பமாக அளக்கப்பட்டிருந்தது. ஒருவரையொருவர் அறியாத இரு பேரரசுகள் ஒரே காலத்தில் ஒரே தொழிலிலே ஈடுபட்டமை வியப்புக்குரியது. நிலத்தை அளக்காமல் ஆட்சியை நடத்த முடியாது என்பதை இரண்டும் அறிந்திருந்தன.

நம் இலங்கைத் தீவிலே இவ்வகைப் பதிவுகளுக்குத் தோம்பு என்னும் பெயர் நிலைத்துவிட்டது. போர்த்துக்கேயர் கொண்டுவந்த சொல் அது. அவர்களுக்குப் பின் வந்த ஒல்லாந்தர் காணித் தோம்பு, தலைத் தோம்பு என இருவகைப் பேரேடுகளை எழுதுவித்தனர். முன்னது நிலத்தையும், பின்னது குடும்பங்களையும் குறித்தது. பிற்காலத்து நீதிமன்றங்களிலே காணி வழக்குகளுக்குச் சான்றாகவும் அவை காட்டப்பட்டு வந்திருக்கின்றன. எழுதப்பட்ட காலத்திலே அவை அரசின் கருவிகள். பின்னொரு காலத்திலே அவையே குடிமக்களின் உரிமைக்குச் சான்றாயின. எழுத்திலே பதியப்பட்ட பெறுமதி, திறந்து காட்டப்படுமாயின், இரு பக்கமும் வெட்டும் வாளாகும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

இனி, இன்று நாம் செலுத்தும் வரியின் நேர் மூதாதையைக் காண்போம். அது பிறந்த இடம் இங்கிலாந்து. பிறந்த ஆண்டு 1601. எலிசபெத் அரசியின் ஆட்சி முடியுந் தறுவாயிலே இயற்றப்பட்ட வறியோர் சட்டம், ஒவ்வொரு கோயிற்பற்றும் தன் எல்லைக்குள் வாழும் ஏழைகளைத் தானே தாபரித்தல் வேண்டும் என விதித்தது. அதற்கு வேண்டிய பணத்தை ஊரிலே வீடும் நிலமும் அனுபவிப்போரிடம் திரட்டும்படி, ஊரவருட் சிலரே மேற்பார்வையாளராக நியமிக்கப்பட்டனர். அயலவன் பெறுமதியை அயலவனே குறித்தான். வேண்டியவனுக்குக் குறைவாகவும் வேண்டாதவனுக்கு மிகுதியாகவும் குறிப்பதற்கு இடமிருந்தது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மனக்குறையுற்றவர் மூன்று திங்களுக்கொருமுறை கூடும் சமாதான நீதவான்களின் மன்றிலே முறையிடலாம் என்று அச்சட்டம் வழி வைத்திருந்தது.

வழி இருந்தது, ஆயினும் அதில் நடக்க விளக்கில்லை. அயலவருக்கு எவ்வளவு குறிக்கப்பட்டது என்பதை அறியாதவர், தமக்கு அநீதி இழைக்கப்பட்டது என்பதை எங்ஙனம் நிறுவுவார்? இக்குறையைப் போக்க 1743ஆம் ஆண்டிலே ஒரு சட்டம் பிறந்தது. வரி விதிக்கப்பட்டதும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்திலே அதனைப் பகிரங்கமாக அறிவித்தல் வேண்டும். ஊரவர் எவரும் ஒரு சிலிங் கொடுத்து வரி ஏட்டைப் பார்வையிடலாம். பணங் கொடுத்துப் பிரதியும் பெறலாம் என்று அது விதித்தது. பார்ப்பதற்கு இஃது அற்ப விடயமாகத் தோன்றும். ஆயினும், மறைவிலே இருந்த ஏடு மக்கள் கண்முன் வந்தது. ஆதன வரி வரலாற்றிலே முதற் பெருந் திருப்பம் இதுவென்றே கூறலாம். பிறருடைய பெறுமதியை அறியும் உரிமையே ஆட்சேபிக்கும் உரிமைக்கு அத்திவாரம்.

இரண்டாந் திருப்பம் 1836ஆம் ஆண்டிலே வந்தது. அதுகாறும் ஊருக்கோர் அளவுகோல் வழங்கிற்று. ஓரூரில் வாடகை முழுவதும் பெறுமதி. மற்றோரூரில் அதிற் பாதி. வேறோரூரில் எக்காலத்திலோ எழுதிய எண்ணே பெறுமதி. அவ்வாண்டுச் சட்டம் எல்லா ஊர்களுக்கும் ஒரே இலக்கணத்தை வகுத்தது. அந்த ஆதனத்தை ஆண்டுக்கு ஆண்டு வாடகைக்கு விட்டால் நியாயமாக எவ்வளவு கிடைக்குமென எதிர்பார்க்கலாமோ, அதிலிருந்து திருத்த வேலை, காப்புறுதி முதலிய செலவுகளைக் கழித்து எஞ்சுவதே பெறுமதி என்பது அவ்விலக்கணம். உண்மையில் அங்கே குடியிருப்பவர் யார், அவர் என்ன கொடுக்கின்றார் என்பன முக்கியமல்ல. சட்டம் தன் மனக்கண்ணிலே ஒரு கற்பனைக் குடியிருப்பாளரை நிறுத்தி, “நீர் இதற்கு என்ன கொடுப்பீர்?” என்று வினவுகின்றது. அவர் கூறக்கூடிய விடையே ஆண்டுப் பெறுமதி. அதே சட்டம், நீதவான்கள் தத்தம் பகுதியிலே ஆண்டுக்கு நான்கு முறையேனும் கூடி வரி முறைப்பாடுகளைக் கேட்டல் வேண்டும் எனவும் பணித்தது. நியாயம் வீட்டுக்குச் சற்று அருகிலே வந்தது.

1862ஆம் ஆண்டுச் சட்டம் மேலுமோர் அடி எடுத்து வைத்தது. பல கோயிற்பற்றுகள் சேர்ந்த ஒன்றியங்களுக்கு மதிப்பீட்டுக் குழுக்கள் அமைந்தன. ஆட்சேபனை உடையவர் முதலில் அக்குழுவின் முன் தம் குறையைக் கூற வேண்டும். அங்கே தீராவிடின் மேலிடம் செல்லலாம் என்ற ஒழுங்கு சிறிது காலத்துள் உறுதியாயிற்று. எழுத்துப் பிழை, அளவுப் பிழை, ஆட்பெயர்ப் பிழை போன்றவற்றுக்கெல்லாம் நீதிமன்றப் படியேறும் செலவு இதனால் தவிர்ந்தது.

இங்ஙனம் இங்கிலாந்திலே உருப்பெற்ற ஆண்டுப் பெறுமதி என்னும் கருத்தே, பிரித்தானியர் ஆட்சியின்போது நம் நாட்டுக்கும் வந்து சேர்ந்தது. 1865ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க மாநகர சபைக் கட்டளைச் சட்டத்தின்கீழ் கொழும்பிலும் கண்டியிலும் மாநகர சபைகள் தோன்றின. பின்னர்ச் சிறு பட்டினங்களுக்கு உள்ளூர்ச் சபைகள் வந்தன. யாழ்ப்பாணம் 1906ஆம் ஆண்டில் அத்தகைய சபையொன்றைப் பெற்று, படிப்படியாக வளர்ந்து 1949ஆம் ஆண்டில் மாநகர சபையாயிற்று. சபைகள் தோன்றிய இடமெல்லாம் வீட்டு மதிப்பீடும் உடன் தோன்றியது.

பட்டினங்களிலே வரி இவ்வாறு சட்டத்தின் உருவிலே வளர்ந்துகொண்டிருக்க, அதே நூற்றாண்டில் நாட்டுப்புறத்திலே வேறொரு கதை நடந்தது. அதனைச் சொல்லாமல் இப்பொருளைக் கடந்து செல்லல் நீதியன்று. 1848ஆம் ஆண்டிலே தேசாதிபதி டொரிங்டன் காலத்தில் நாய் வரி, துவக்கு வரி, கடை வரி, வீதி வரி எனப் புதிய வரிகள் ஒன்றன்பின் ஒன்றாக விதிக்கப்பட்டன. மாத்தளையிலும் குருநாகலிலும் எழுந்த கிளர்ச்சிக்கு அவையும் காரணமாயின. அக்கிளர்ச்சி அடக்கப்பட்டது, சில வரிகள் கைவிடப்பட்டன. ஆயினும், அதனினும் பழையதான நெல்வரி தொடர்ந்து இருந்து வந்தது.

விளைவிற் பத்திலொன்று என்பது நெல்வரியின் பொதுவான கணக்கு. அதனை அறவிடும் உரிமை குத்தகைக்காரருக்கு ஏலத்தில் விடப்பட்டது. அவர் செய்த கொடுமைகளை ஒழிக்கும் நோக்கத்துடன் 1878ஆம் ஆண்டிலே தானிய வரிக் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. குத்தகைக்காரருக்குப் பதிலாக அரசாங்கத்தின் மதிப்பீட்டாளர் வந்தார். வயலுக்கு ஆண்டுக்கு இவ்வளவு பணம் என்று அவர் குறித்தது பல ஆண்டுகளுக்கு நிலைத்து நிற்பதாயிற்று. நோக்கம் நன்று, கணக்கும் ஒழுங்கானது. ஆயின் நடந்தது யாது?

அக்காலத்திலேதான் மலைநாட்டுக் கோப்பிப் பயிரை நோய் பற்றி அழித்தது. 1869ஆம் ஆண்டிலே முதன்முதற் காணப்பட்ட அந்நோய் பெருந் தோட்டங்களை மட்டுமன்றி, கிராமவாசியின் வீட்டுக் கோடியிலே நின்ற கோப்பிச் செடிகளையும் அழித்தது. வரி கட்டுவதற்கு அவன் கையிலே புழங்கிய காசு அந்தச் செடிகளிலிருந்து வந்ததே. காசு நின்றது; ஏட்டிலிருந்த எண் நிற்கவில்லை. வரி நிலுவைக்காக வயல்கள் ஏலத்திலே விற்கப்பட்டன. நுவரெலியாப் பகுதியிலே, சிறப்பாக வலப்பனையிலே, பாட்டன் பூட்டன் காலந்தொட்டு உழுத வயலைச் சொற்பத் தொகைக்காக இழந்த குடும்பங்கள் பல. அப்பகுதியில் உதவி அரசாங்க அதிபராயிருந்த லீ மெசூரியர், காணியிழந்த மக்கள் பசியாலும் நோயாலும் மடிந்தனர் என்று எழுதினார். இங்கிலாந்தின் கொப்டன் கழகம் வரையில் இவ்விடயம் சென்றது. ஜோர்ஜ் வோல் போன்றோர் இவ்வரிக்கெதிராக ஓயாது வாதிட்டனர். ஈற்றில் 1892ஆம் ஆண்டிலே, தேசாதிபதி ஹவ்லொக் காலத்தில், நெல்வரி ஒழிக்கப்பட்டது.

நேயர்களே, இவ்வரலாற்றிலிருந்து நாம் உணர வேண்டியது ஒன்றுண்டு. குத்தகைக்காரர் கொடியவர், மதிப்பீட்டாளரோ முறைப்படி நடந்தவர். அங்ஙனமிருந்தும் விளைந்த துன்பம் சிறிதன்று. காரணம் என்ன? பெறுமதி எழுதப்பட்ட பின் உலகம் மாறியது. மாறிய உலகைக் குடியானவன் எடுத்துரைக்கவும், அவன் உரைத்ததைக் காலந் தாழ்த்தாது கேட்டுத் திருத்தவும் தக்க இடம் அவனுக்கு எட்டும் தூரத்தில் இருக்கவில்லை. கச்சேரி தொலைவிலிருந்தது; அதன் மொழி அதனினும் தொலைவிலிருந்தது. வரி விதிப்பவர் நல்லவராயிருப்பது போதாது. கேட்கும் செவி ஒன்று அருகிலே இருத்தல் வேண்டும்.

இனி, சுதந்திரத்தை அண்மிய காலத்துக்கு வருவோம். 1939ஆம் ஆண்டின் நகர சபைக் கட்டளைச் சட்டம், 1947ஆம் ஆண்டின் மாநகர சபைக் கட்டளைச் சட்டம், பின்னர் 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் ஆகியவையே நம் நாட்டு ஆதன வரிக்கு அடிப்படை. மாநகர சபைச் சட்டத்தின் ஒழுங்கைச் சுருக்கமாகக் கூறுவோம். சபை மதிப்பீட்டு ஏட்டைத் தயாரித்து, ஒவ்வோர் ஆதனத்துக்கும் உரியவருக்கு அறிவித்தல் அனுப்புகின்றது. அறிவித்தல் கிடைத்த ஒரு மாதத்துள் எழுத்துமூலம் ஆட்சேபனை தெரிவிக்கலாம். சபை ஒரு நாளைக் குறித்து, ஆட்சேபித்தவருக்குத் தம் கட்சியை எடுத்துரைக்க வாய்ப்பளித்து விசாரித்தல் வேண்டும். அத்தீர்ப்பிலே திருப்தியுறாதவர் முப்பது நாளுக்குள் நீதிமன்றத்தில் வழக்குத் தொடரலாம்.

ஓர் உதாரணம் கொள்வோம். ஒரு வீட்டின் ஆண்டுப் பெறுமதி 12,000 ரூபா எனவும், சபை விதித்த வீதம் நூற்றுக்குப் பத்து எனவும் வைத்துக்கொண்டால், ஆண்டு வரி 1,200 ரூபா. காலாண்டுக்கு 300 ரூபா. ஆண்டுத் தொகை முழுவதையும் சனவரி 31ஆந் திகதிக்கு முன் செலுத்துவோருக்குப் பொதுவாக நூற்றுக்குப் பத்து விலக்களிக்கப்படும்; அவ்வாறாயின் 1,080 ரூபாவே கொடுக்க வேண்டியது. இங்கே இரண்டு எண்கள் உள்ளன என்பதைக் கவனித்தல் வேண்டும். ஒன்று வீதம்; மற்றது பெறுமதி. வீதத்தைத் தீர்மானிப்பது மக்கள் தெரிந்தெடுத்த சபை. அது மிகுதியென்று கருதுவோர் தேர்தலிலே தம் கருத்தைக் காட்டலாம். பெறுமதி அவ்வாறன்று. அது ஒவ்வொரு வீட்டுக்கும் தனியே உரியது. அதனை எதிர்த்துப் பேசுவதற்கு அவ்வீட்டுக்காரரை விட்டால் வேறொருவருமில்லை.

இவ்வேறுபாட்டை அறியாமையாலேயே நம்மவருட் பலர் தமது உரிமையை வீணாக்கிவிடுகின்றனர். “நான் ஓய்வூதியத்திலே சீவிக்கின்றேன், குடும்பம் பெரிது, இவ்வரியைத் தாங்க இயலாது” என்று உருக்கமாக எழுதுவார்கள். கேட்பவர் மனம் இரங்கலாம். ஆனால் ஆண்டுப் பெறுமதி அதனாற் குறையாது. ஏனெனில், சட்டம் கேட்பது வீட்டுக்காரரின் நிலையையன்று, வீட்டின் நிலையையே. அதே அளவான அயல் வீட்டுக்கு என்ன வாடகை கிடைக்கின்றது? கூரை ஒழுகுகின்றதா? வழி ஒடுங்கியதா? மாரியிலே வெள்ளம் புகுகின்றதா? அளந்த நீள அகலம் சரியா? பல்லாண்டுப் போரிலே இடிந்துபோன அறைகளையும் முழு அறைகளாக எண்ணியிருக்கின்றார்களா? இவையே பயன்தரும் வினாக்கள். இன்னுமொன்று: ஆட்சேபனைக் கடிதத்திலே எழுதாத காரணத்தைப் பின்னர் நீதிமன்றத்திலே சான்று காட்டி வாதிடச் சட்டம் இடந்தருவதில்லை. ஆகவே, அந்த முதற் கடிதம் ஒரு விண்ணப்பம் மட்டுமன்று. அது வழக்கின் அத்திவாரம். “வரி அதிகம்” என்ற ஒரே வரியோடு அனுப்பிவைத்தவர், பின்னர் எவ்வளவு வல்ல நியாயவாதியை அமர்த்தினும் பயன் பெரிதாயிராது.

அயல்வீட்டுப் பெறுமதியைக் காட்டும்பொழுதும் ஒரு நுட்பத்தை அறிதல் நன்று. 1932ஆம் ஆண்டிலே இங்கிலாந்தின் மேன்முறையீட்டு நீதிமன்றம் ஒரு வழக்கிலே கூறிய தீர்ப்புப் புகழ்பெற்றது. அயலவரின் பெறுமதி தவறாகக் குறைத்து எழுதப்பட்டிருக்கின்றது என்பதற்காக, சரியாக எழுதப்பட்ட பெறுமதியைக் குறைக்க முடியாது. ஒப்புமையினும் சரிமையே முதன்மையானது என்பது அதன் சாரம். பிறருடைய பெறுமதி நமக்குச் சான்றாக உதவும். சலுகை கேட்பதற்குச் சாட்டாக உதவாது.

இனி, நிருவாகத்தின் பக்கம் திரும்புவோம். இவ்வொழுங்கிலே ஒரு பெருங் குறை இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். ஆட்சேபனையை முதலிற் கேட்பது யார்? வரியைப் பெறும் சபையே. பரீட்சையிலே விடைத்தாளைத் திருத்திய ஆசிரியரிடமே மறுபரிசீலனையையும் ஒப்படைத்தால் மாணவனுக்கு நம்பிக்கை பிறக்குமா? ஆசிரியர் நேர்மையானவராகவே இருக்கலாம். மாணவனின் ஐயம் நீங்காது. சபைகள் பலவற்றின் மதிப்பீட்டை அரச விலை மதிப்பீட்டுத் திணைக்களம் செய்து கொடுக்கின்றது. அஃது ஓரளவுக்குப் பாதுகாப்பே. ஆயினும் விசாரணை சபையினுடையதாகவே இருக்கின்றது. அடுத்த படியோ நீதிமன்றம். ஆண்டுக்குச் சில நூறு ரூபாவைக் குறைப்பதற்காக ஆயிரக் கணக்கிற் செலவழித்து வழக்காட யார் முன்வருவர்? பெரிய வணிக நிலையம் முன்வரும். ஒற்றையறை வீட்டிலே வாழும் விதவை முன்வரார். உரிமை இருவருக்கும் ஒன்றே. அதனைப் பயன்படுத்தும் வசதி ஒன்றன்று.

இங்கிலாந்து இக்குறையை 1948ஆம் ஆண்டிலே எதிர்கொண்டது. மதிப்பீட்டு வேலையை உள்ளூர்ச் சபைகளிடமிருந்து எடுத்து மத்திய அரசாங்கத்தின் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்திடம் ஒப்படைத்தது. ஆட்சேபனைகளைக் கேட்பதற்கு உள்ளூர் மதிப்பீட்டு மன்றங்களை நிறுவியது. அவற்றிலே அமர்ந்தவர்கள் சட்ட வல்லுநரல்லர். ஊரிலே மதிப்புப் பெற்ற சாதாரண மக்கள். வீட்டுக்காரர் நியாயவாதியின்றித் தாமே சென்று பேசலாம். அதற்கு மேலே, 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, நிலம் பற்றிய பிணக்குகளுக்கென ஒரு தனி நியாய சபையும் ஏற்பட்டது. மதிப்பவர் ஒருவர், பணம் பெறுபவர் ஒருவர், நியாயங் கேட்பவர் மற்றொருவர் என மூன்று தொழில்களும் மூன்று கைகளுக்குப் போயின. 1601ஆம் ஆண்டிலே தொடங்கிய பயணம் இந்த இடத்தை அடைய முந்நூற்று நாற்பத்தேழு ஆண்டுகள் சென்றன.

ஆயினும் அந்நாடும் ஒரு பாடத்தை மறந்துவிட்டது. பெறுமதியை ஒழுங்காகப் புதுப்பித்தல் வேண்டும் என்பதே அது. ஐந்தாண்டுக்கொருமுறை என்று 1925ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்திருந்தும், போரும் அரசியலும் அதனைப் பின்தள்ளின. 1956, 1963, 1973ஆம் ஆண்டுகளிலே இங்கிலாந்தில் மறுமதிப்பீடு நடந்தது. அதன்பின் வீடுகளுக்குப் பழைய முறையில் மறுமதிப்பீடு நடைபெறவேயில்லை. மக்களின் சினத்துக்கு அரசாங்கங்கள் அஞ்சின. ஸ்கொத்லாந்திலே 1985ஆம் ஆண்டில் மறுமதிப்பீடு நடந்தபோது வீட்டுக்காரரிடையே பெருங் கொந்தளிப்பு எழுந்தது. அந்தக் கொந்தளிப்பைத் தணிப்பதற்காக வீட்டு வரியையே ஒழித்து, ஆளுக்கு இவ்வளவு என்னும் தலைவரியை 1989இல் ஸ்கொத்லாந்திலும் 1990இல் இங்கிலாந்திலும் கொண்டுவந்தார்கள். செல்வரும் வறியரும் ஒரே தொகை செலுத்துவதா என்று நாடு கொதித்தெழுந்தது. 1990ஆம் ஆண்டு மார்ச் 31ஆந் திகதி இலண்டன் நகரின் நடுவே பெருங் கலகம் மூண்டது. 1993ஆம் ஆண்டிலே தலைவரி கைவிடப்பட்டு, வீட்டின் பெறுமதியை அடிப்படையாகக் கொண்ட மற்றொரு வரி வந்தது. அதுவும் இங்கிலாந்திலே 1991ஆம் ஆண்டுப் பெறுமதிகளையே இன்றளவும் பற்றி நிற்கின்றது.

ஒத்திவைத்த மதிப்பீடு ஒத்திவைத்த கடனைப் போன்றது. வட்டி ஏறிக்கொண்டே போகும். தீர்க்கும் நாளிலே தலை சுற்றும். நம் நாட்டுச் சட்டமும் முந்திய ஆண்டு மதிப்பீட்டையே ஏற்றுக்கொள்ளச் சபைகளுக்கு இடமளிக்கின்றது. அது வசதியானதுதான். ஆயின், அந்த வசதியிலே நெடுங்காலம் சாய்ந்திருக்கும் சபை, ஒருநாள் விழித்தெழுந்து புதிய மதிப்பீட்டை அனுப்பும்போது, வீட்டுக்காரர் கையிலே கிடைப்பது அறிவித்தலன்று, அதிர்ச்சி. அந்நாளிலே வந்து குவியும் ஆட்சேபனைகளிலே உண்மைக் குறையையும் வெறும் மனக்கொதிப்பையும் பிரித்தறிவது எந்த அதிகாரிக்கும் எளிதன்று. சிறிது சிறிதாக, குறித்த காலத்தில், முன்னறிவித்துச் செய்யும் மறுமதிப்பீடே மக்களுக்கும் சபைக்கும் நன்மை பயப்பது.

மொழியைப் பற்றியும் ஒன்று கூறல் வேண்டும். 1743ஆம் ஆண்டிலே தேவாலயத்தில் வாசிக்கப்பட்ட அறிவித்தல் ஊரவர் பேசிய மொழியிலே இருந்தது; ஆதலினாலேயே அதற்குப் பயன் இருந்தது. வாசித்து விளங்க இயலாத தாளொன்று கையிலே கிடைத்து ஒரு மாதம் கழியுமாயின், கழிந்தது மாதம் மட்டுமன்று, ஆட்சேபிக்கும் உரிமையுமாகும். 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாந் திருத்தமும் 1988ஆம் ஆண்டின் பதினாறாந் திருத்தமும் தமிழை அரசகரும மொழியாகவும் நிருவாக மொழியாகவும் ஏற்றுக்கொண்டிருக்கின்றன. தமிழர் வாழும் எந்தப் பட்டினத்திலும் மதிப்பீட்டு அறிவித்தல் அவர்களுக்கு விளங்கும் தமிழிலே செல்லுதல் ஒரு சலுகையன்று. வரி விதிப்பதற்கே அது முன்நிபந்தனையாதல் தகும்.

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், வரலாறு நமக்குத் தரும் பாடங்கள் தெளிவானவை. ஏடு திறந்திருத்தல் வேண்டும். அதனை 1743 கற்பித்தது. அளவுகோல் ஒன்றாயிருத்தல் வேண்டும். அதனை 1836 கற்பித்தது. கேட்பவர் அருகிலும் சுயாதீனமாகவும் இருத்தல் வேண்டும். அதனை 1948 கற்பித்தது. பெறுமதி காலத்தோடு நடத்தல் வேண்டும். அதனை இங்கிலாந்தின் தலைவரிக் கலகத்துக்கு முன்னரே வலப்பனையின் வயல்கள் கற்பித்துவிட்டன. இவற்றுள் எதற்கும் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. அறிவித்தலோடு அவ்வீட்டின் நீள அகலத்தையும், பெறுமதி கணக்கிட்ட விதத்தையும், ஆட்சேபிக்கும் வழியையும் அரைப்பக்கத்திலே அச்சிட்டு அனுப்பலாம். ஓய்வுபெற்ற நீதவான் ஒருவர், மதிப்பீடு அறிந்த ஒருவர், ஊரவர் ஒருவர் எனச் சிறு குழுவொன்றை அமைத்து ஆட்சேபனைகளைக் கேட்கச் செய்யலாம். தீர்ப்பைக் காரணத்தோடு எழுதிக் கொடுக்கலாம்.

சபைக்கும் இதிலே நட்டமில்லை. தன் கட்சி கேட்கப்பட்டது என்று அறிந்தவர், தீர்ப்புத் தமக்குப் பாதகமாயினும், பெரும்பாலும் வரியைச் செலுத்திவிடுவார். கேட்கப்படாதவரோ ஒரு ரூபாவையும் மனக்கசப்போடு கொடுப்பார், அல்லது கொடாதொழிவார். நிலுவையைத் திரட்ட ஆதனங்களைக் கைப்பற்றி ஏலமிடும் அதிகாரத்தைவிட, நியாயமாகக் கேட்டுத் தீர்க்கும் பழக்கமே சபையின் பெட்டியை நிரப்ப வல்லது.

தீர்ப்பு நாளின் பெயரைத் தாங்கிய ஏட்டிலே தொடங்கினோம். அந்த ஏட்டை எவரும் மறுத்துரைக்க முடியாது என்று அன்று பெருமை பேசினார்கள். மனிதர் எழுதிய எந்த எண்ணும் அத்தகையதன்று என்பதை அறிந்துகொண்ட பின்னரே வரி என்பது திறையினின்றும் வேறுபட்டது. திறை வென்றவருக்குத் தோற்றவர் கொடுப்பது. வரி ஓர் ஊரவர் தம் ஊருக்குத் தாமே கொடுப்பது. இரண்டையும் பிரிக்கும் கோடு, வீட்டுக்காரர் தம் ஆட்சேபனையோடு சென்று அமரும் அந்தச் சிறிய விசாரணை அறையினூடாகவே செல்கின்றது. அவ்வறையின் கதவு திறந்திருக்கின்றதா என்பதைச் சபையாரும் பார்த்தல் வேண்டும். அதனுள்ளே ஆயத்தத்தோடு செல்லுதலை வரியிறுப்போரும் கடமையாகக் கொள்ளுதல் வேண்டும்.